எடுக்கக் கூடாது, தள்ளலாம்

சூடாமணிக்கு கார் ஓட்ட லைசென்ஸ் கிடைத்து ஒரு வருஷம் ஆகிறது. ஒருநாள்கூடத் தனியாக ஓட்டியதில்லை. பக்கத்து இருக்கையில் கணவர் சங்கரன் இருப்பார். அவர் இருந்தால் அவர் வாயும் இருக்கும். "கிளட்ச், கிளட்ச்" என்று ஆரம்பித்தால் வண்டி நிற்கும்வரை ஓயமாட்டார். கல்லூரியில் அறுபது பிள்ளைகளை ஒரே முறைப்பில் அடக்குகிறவள், காரில் ஏறியதும் எல்.கே.ஜி. பிள்ளையாகிவிடுவாள்.

கல்லூரியில் அவள் நடத்துவது ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங். அதில் ஸ்டாக் என்றால் அவளுக்கு உயிர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். நடுவில் கைவிடக் கூடாது. வைப்பது புஷ், எடுப்பது பாப். தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைகள் திணறக் கூடாதே என்று, "புஷ்னா தள்ளு, பாப்னா எடு" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் 'தள்ளு எடு மேடம்' என்பது அவளுக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது.

அபிராமபுரத்தில் அவள் குடியிருக்கும் கட்டடத்தின் கார் சந்தும் ஒரு ஸ்டாக்தான். ஒரு வாசல்; ஒரு காருக்கான அகலம்; உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கார்கள். இதற்கு ஒழுங்குமுறை வகுத்தவளும் சூடாமணியே. குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று பாடமே நடத்திவிட்டாள். ஒவ்வொரு காரும் ஓர் ஆப்ஜெக்ட். சாவி அவரவரிடம், அடுத்தவர் காரை யாரும் தொடக் கூடாது, அது பிரைவேட். வாட்ஸப் குழுவில் 'பாப்' என்று செய்தி போட்டால் வெளியே நிற்கும் கார்க்காரர் இறங்கி வந்து தன் வண்டியை எடுக்க வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள். அதிகம் வெளியே போகாத கார் அடியில் இருக்கட்டும் என்றும் தீர்மானம் ஆயிற்று. அது யாருடைய கார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த மரியாதைதான் சூடாமணிக்கு அதிகமாக வலித்தது.

அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு வேளச்சேரியில் ஒரு கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடத்தும் வேலை. "நானே ஓட்டிண்டு போறேன்" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள். சங்கரனோ காரை விற்றுவிடலாம் என்று பேச்செடுத்திருந்தார். இன்றைக்கும் ஆட்டோவில் போனால் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ராகு காலம் தொடங்குவதற்கு முன்பே கைப்பையைக் கீழே கொண்டுபோய் வாட்ச்மேன் ஆனந்தகுமாரின் நாற்காலியில் வைத்து, பரஸ்தானம் செய்துவிட்டாள். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிய கணக்கு. பிறகு நிம்மதியாகக் காபி குடித்துவிட்டு, குழுவில் 'பாப்' என்று போட்டாள்.

நடுக் காரின் சொந்தக்காரன் மகேஷ், ஐ.டி. பையன், ஷார்ட்ஸோடு இறங்கி வந்தான். வாசலை அடைத்து நின்றதோ முதல்நாள் மாலை ஷோரூம் ஆள் கொண்டுவந்து விட்டுப்போன புத்தம்புது வண்டி. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பொன்ராஜுடையது. மாலை, சந்தனம், நான்கு சக்கரத்துக்கு அடியிலும் நான்கு எலுமிச்சம்பழம். அதற்கு முன்னால் பொன்ராஜும் மனைவி ஸ்வர்ணலதாவும் குற்றவாளிகளைப் போல நின்றார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர்," என்றாள் ஸ்வர்ணலதா. "ராகு காலத்துல புது வண்டிய எடுக்கக் கூடாதுல்லா. ஒம்போது மணிக்கு மேல எடுத்து நேரா கோயிலுக்குத்தான்."

சூடாமணிக்குத் திக்கென்றது. பாப் என்றால் எப்படி என்று எழுதியவள், உச்சியில் இருப்பவருக்கு ராகு காலம் வந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை. மூடநம்பிக்கை என்று சண்டை போடவும் வழியில்லை. அவளுடைய கைப்பை நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா மேடம், ஆட்டோ இட்டாரவா?" என்றான் ஆனந்தகுமார்.

"அதான் சரி," என்றார் பக்கத்து இருக்கைக்காகக் கூடவே கிளம்பி வந்திருந்த சங்கரன். அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டதும் சூடாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்வர்ணா, எடுக்கத்தானே கூடாது? தள்ளலாமோல்லியோ?"

ஸ்வர்ணலதா கணவனைப் பார்த்தாள். பொன்ராஜ் வானத்தைப் பார்த்தார். "இஞ்சின் ஓடலன்னா எடுத்ததா ஆகாதுல்லா," என்றாள் யோசித்து. "தள்ளுறதுல தப்பில்ல."

ஸ்வர்ணலதா பழங்களைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே ஏறி உட்கார்ந்தாலும் தோஷம் என்று, பொன்ராஜ் திறந்த கதவு வழியாக ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். சங்கரன், மகேஷ், ஆனந்தகுமார் மூவரும் சந்துக்குள் புகுந்து தள்ளினார்கள். புஷ் செய்து பாப். இதையே ஒரு பிள்ளை விடைத்தாளில் எழுதியிருந்தால் சூடாமணி முட்டை போட்டிருப்பாள். வண்டி பேஷாக வெளியே போய் எதிர்ச் சுவர் ஓரம் நின்றது. மகேஷும் தன் காரைப் பின்னால் எடுத்துத் தள்ளி நிறுத்தினான்.

இப்போது அவள் முறை. தெருவே பார்க்க, ரிவர்ஸ். "வா, வா, இன்னும் வா, ஸ்டாப்!" என்று சங்கரன் பின்னால் நின்று வேர்க்க வேர்க்கக் கத்தினார். கார் தெருவுக்கு வந்ததும் முதுகுப்பக்கம் ஒரு தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. ஆனந்தகுமார் கைப்பையை ஜன்னல் வழியாகப் போட்டு, காரின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், ரைட்" என்றான். பஸ்ஸில் போய் வளர்ந்த உடம்பு. ரைட் என்றால் எல்லோரும் ஏறியாயிற்று என்றுதான் அர்த்தம். சூடாமணி கிளம்பிவிட்டாள்.

கோட்டூர்புரம் பாலத்தில் ஏறும்போதுதான், "ஏன்னா, இடது பக்கம் பஸ் வரதா பாருங்கோ," என்றாள். பதில் இல்லை. கிளட்ச் என்றும் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் இருக்கையில் கைப்பை மட்டும்.

பாலத்தை எப்படித் தாண்டினாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.

"எங்கடி இருக்கே? நான் தெருவிலேயே நிக்கறேன்."

"பாலம் தாண்டிட்டேன்னா."

"தனியாவா? அப்படியே நில்லு. நகராதே. நான் ஆட்டோ பிடிச்சு வரேன்."

சூடாமணி ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். வழியில் இரண்டு சிக்னல் வந்தன. ஒன்றிலும் வண்டி அணைந்துபோகவில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வேண்டாம்னா. ஆத்துல ரசம் வெச்சிருக்கேன், சுடப்பண்ணிச் சாப்பிடுங்கோ," என்று போனை வைத்தாள். இண்டிகேட்டர் போட்டாள். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளைத் தானே பார்த்துக்கொண்டு, வேளச்சேரிக்குப் புறப்பட்டாள்.