மாவுக்கட்டுப் போட்ட கார்

ஆஸ்பத்திரியில் கைகால் முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுவது அவர் வேலை. பெயர் சொல்லி அவரைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'மாவுக்கட்டு'தான். அதற்காக அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஈரத்துணி கைக்குள் மெல்லச் சூடேறிக் கல்லாக இறுகும் அந்தச் சில நிமிடங்களில் அவர் முகத்தைப் பார்த்தால், ஆள் வேறெங்கோ போய்விட்ட மாதிரி இருக்கும். வலியில் கத்துகிறவர்கள்கூட அந்த முகத்தைப் பார்த்துச் சற்று அடங்குவார்கள்.

மனைவி நேர் எதிர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பயந்து நடுங்கும் மனிதர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி, ஆமை வேகத்தில் பகல் முழுக்க ஊரைச் சுற்றுவாள். கற்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. ஆனால் அவளுடைய ஆசையெல்லாம் வேகத்தின் மேல். ஊருக்கு வெளியே மலைக்கு ஏறும் சாலை ஒன்று இருந்தது. அதன் வளைவுகள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அகலமான சக்கரம் போட்டு, தரையோடு ஒட்டி ஓடுகிற ஒரு வண்டியில், ஆளில்லாத காலை வேளையில் அதில் ஏற வேண்டும்.

அதற்காகத்தான் அந்தப் பழைய இரண்டு கதவுக் காரை வாங்கினார்கள். எஞ்சினை அவளே ஒரு மெக்கானிக்கோடு சேர்ந்து பிரித்துக் கோத்தாள். தேடிப்பிடித்து அகலச் சக்கரங்களும் வாங்கினாள். மாட்டிப் பார்த்தபோது நான்கும் வண்டியின் உடம்பைத் தாண்டி நான்கு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அப்படியே விட்டால் சேற்றை வாரி இறைக்கும். வாகனச் சோதனையிலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மட்கார்டை அகலப்படுத்தியே ஆகவேண்டும். அந்த மாடலுக்கு அப்படியொன்று கடையில் கிடைக்கவில்லை.

"நீங்கதான் பண்ணணும்," என்றாள்.

"நானா? எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

"வண்டியப் பத்தி யாரு கேட்டா? வளைவா ஒண்ணு செய்யணும், கெட்டியா இருக்கணும். அதானே தினமும் செய்யறீங்க?"

அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை ஷெட்டில் காரை ஏற்றி நிறுத்தினார். இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்துப் பழைய மட்கார்டின் விளிம்பை அறுக்கப் போனபோது அவள் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் நின்றதும் ஜன்னல் வழியாக, "முடிஞ்சுதா? ரொம்ப ரத்தமா?" என்று கேட்டாள்.

முதலில் அவர் தெர்மாக்கோலை ஒட்டி அடுக்கி, கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் இழைத்தார். வலது பின்சக்கரத்துக்கு மேல் அழகான ஒரு வளைவு எழுந்தது. அதன்மேல் கண்ணாடி இழையாலான பைபர் துணியை விரித்து, காய்ந்தால் இறுகும் ரெசின் பசையைத் தடவினார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வளைவு பெருமூச்சு விட்டதுபோல் அமுங்கியது. தெர்மாக்கோலை ரெசின் கரைத்துத் தின்றுவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பல நாள் உழைப்பு கண்ணெதிரே வெல்லப்பாகு மாதிரி வழிந்து தரையில் சொட்டியது. அவள் வாய்க்கு வந்தபடி ரெசினைத் திட்டித் தீர்த்தாள்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குச் சரக்குத் தருகிற கடையிலேயே மாவுக்கட்டுத் துணி வாங்கிக்கொண்டு வந்தார். கம்பி வலையை வளைத்துச் சக்கரத்துக்கு மேல் கூடாகக் கட்டினார். துணியை நீரில் நனைத்து, பிழிந்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி உள்ளங்கையால் நீவினார். இப்போது கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முழங்காலை எப்படி அணைத்துப் போக வேண்டும், இடுப்புக்கு எங்கே இடம் விட வேண்டும் என்பதெல்லாம் தகரத்துக்கும் பொருந்தியது. காய்ந்ததும் இழைத்து, மெழுகு பூசி, அதன்மேல் பைபரைப் படியவைத்தால் மட்கார்டு ஓடுபோலக் கழன்று வரும். ஒரு பக்கம் முடிந்தால், அதன் வளைவை அட்டையில் வெட்டியெடுத்துத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்தைச் சரிபார்க்கலாம்.

எதிர்வீட்டுப் பெயிண்டர் ஷெட்டுக்குள் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன சார், ரெண்டு இடுப்பும் போச்சா?"

"ஆமா. அசையக் கூடாதுன்னு சொல்லிவச்சிருக்கேன்."

அசையக் கூடாது என்ற உத்தரவு கடைசியில் அவளுக்குத்தான் வந்தது. ஒரு நாள் காலை, பாடம் நடந்துகொண்டிருந்தபோது, அவள் கண்ணுக்கு ரோடு, தட்டைப் பிடித்துச் சாய்த்ததுபோல் ஒரு பக்கம் சரிந்தது. அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள். ஓட்டிக்கொண்டிருந்த பெண் அழாத குறையாக, "நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?" என்று கேட்டாள். பிரேக்கம்மா கதவைத் திறந்து ரோட்டோரம் வாந்தியெடுத்தாள்.

காது டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காதுக்குள்ள நீர் கூடுதலா சேருது, அதான் தலை சுத்துது. அடங்கும். எப்பன்னு என்னால சொல்ல முடியாது. அதுவரைக்கும் ஸ்டியரிங்கத் தொடாதீங்க."

டிரைவிங் ஸ்கூலில் அவளை வகுப்பறையில் போட்டார்கள். அம்புக்குறி, நில், வளைவு என்று படங்களைக் காட்டிப் பாடம் நடத்திவிட்டு மாலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருவாள். அவருக்கு ஷெட்டுக்குப் போகவே கூச்சமாக இருந்தது. ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு அலங்காரமா என்று நினைத்து வேலையை அப்படியே போட்டுவிட்டார்.

கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அவளே கேட்டாள். "கோளாறு என் காதுலதானே? உங்க கைக்கு என்ன வந்துச்சு?"

அவர் மறுபடியும் துணியை நனைத்தார். அவளும் பின்னாலேயே வந்து, காரின் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இது நகராது. இதுல உக்காந்தா பயமில்ல," என்றாள்.

கண்ணை மூடினாள். இடது கால் கிளட்சை மிதித்தது, கை கியரை மாற்றியது. அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கூரையின் ஓட்டைகள் வழியாக மாலை வெயில் காசு காசாக அவள் தோளில் விழுந்திருந்தது. இழைத்த மாவு காற்றில் மிதந்தது. அந்த வெள்ளைத் தூசுக்குள் அவள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள்.

"இப்ப எங்க இருக்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாலம் தாண்டியாச்சு. மேகம் ரோட்டுக்கே இறங்கியிருக்கு."

அதன்பிறகு மாலை வேளைகள் அப்படியே கழிந்தன. அவள் ஓட்டுவாள், அவர் இழைப்பார். கியர் விழுகிற சத்தத்தை வைத்தே எந்த வளைவு என்று அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. மலைச்சாலையில் அவர் அதிகம் போனவரில்லை. ஆனாலும் உப்புத்தாள் ஒரே சீராக உரசும்போது, தகரக் கூரை விலகி, ஷெட்டுக்குள் யூகலிப்டஸ் வாசம் வீசுவதுபோல் இருந்தது. பைபர் தூசு கழுத்தில் அரித்தபோதுதான் திரும்பி வருவார்.

ஒரு நாள் அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ஏங்க, அந்தப் பெரிய திருப்பத்துல பின்பக்கம் அலையுது. இன்னும் கொஞ்சம் அகலமா உக்காந்தா நல்லாயிருக்கும்."

நகராத வண்டி எப்படி அலையும் என்று அவர் கேட்கவில்லை. சக்கரத்துக்கு உள்ளே ஒரு வளையம் கொடுத்து இன்னும் வெளியே தள்ளினார். பின் மட்கார்டுகளுக்கு மேலும் ஒரு சுற்று மாவுக்கட்டுப் போட்டார்.

தலைச்சுற்றல் சொல்லாமல் வந்ததுபோலவே சொல்லாமல் குறைந்தது. முதலில் வாரக்கணக்கில் இடைவெளி, பிறகு அதைப் பற்றிய பேச்சே இல்லை. டாக்டர் மறுபடி சோதித்துவிட்டு, "ஓட்டலாம். வர்ற மாதிரி தெரிஞ்சா உடனே ஓரங்கட்டிடணும்," என்றார். அதற்குள் நான்கு மட்கார்டுகளும் பட்டி பூசி, பிரைமர் அடித்து, போல்ட் போட்டு ஏறியிருந்தன. சாம்பல் நிறத்தில், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மிருகம் போல இருந்தது கார்.

வெளியே எடுக்கும்போதுதான் தெரிந்தது. முன்பக்கம் வந்தது, பின்பக்கம் வரவில்லை. ஷெட்டின் வாசலைவிட வண்டியின் இடுப்பு அகலம்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீதான் அகலமா வேணும்னு கேட்ட," என்றார் அவர். "நீங்க வாசல அளக்க வேணாமா?" என்றாள் அவள். எதிர்வீட்டுப் பெயிண்டர் கடப்பாரையோடு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே கதவு நிலையைப் பெயர்த்துக் கொடுத்தார்.

வாகனச் சோதனையில் அதிகாரி சக்கரத்தின் பக்கத்தில் ஒரு கோலை நிறுத்திப் பார்த்தார். மட்கார்டைத் தட்டினார். "எங்க செஞ்சது?" என்று கேட்டார். "வீட்டுல," என்றார் மாவுக்கட்டு. அதிகாரி மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

ஒரு விடுமுறை நாள் விடிகாலையில் மலைக்குப் போனார்கள். பாலத்தைத் தாண்டியதும் உண்மையாகவே மேகம் இறங்கியிருந்தது. அவள் வேகமாக ஓட்டவில்லை. வண்டியை ஒவ்வொரு வளைவுக்கும் அறிமுகம் செய்துவைக்கிறவளைப் போல நிதானமாகத் திருப்பினாள். பெரிய திருப்பத்தில் கொஞ்சம் அழுத்தினாள். பின்பக்கம் தரையைக் கவ்விக்கொண்டு அப்படியே சுற்றி வந்தது. உடனே பின்னால் சர்ரென்று ஒரு சத்தம், ரப்பர் கருகும் வாசனை. அவள் ஓரங்கட்டினாள்.

டயர் மட்கார்டின் உள்விளிம்பை நக்கியிருந்தது. அவர் டிக்கியிலிருந்து அரத்தை எடுத்து ரோட்டில் மல்லாந்து படுத்தார். அவள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலை சுத்துதா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"இல்ல. நான் ஷெட்டுல ஓட்டின ரோடு இதைவிடப் பெருசுங்க. திருப்பம் முடியவே முடியாது."

"அப்ப எது நல்லாயிருக்கு?"

அவள் யோசித்தாள். கீழே எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. "அதுல எதிர்ல வண்டி வராது," என்றாள். பிறகு, "ஆனா நீங்க வெளியில நின்னு இழைச்சுக்கிட்டு இருப்பீங்க. இதுல பக்கத்துல உக்காந்திருக்கீங்க."

அரம் சற்று நின்றது. பிறகு மீண்டும் உரசியது. லாரி மேலேறி வந்து வேகத்தைக் குறைத்தது. டிரைவர் தலையை நீட்டி, மேகத்துக்குள் சாம்பல் நிறமாக நின்ற காரையும், அடியில் தெரிந்த இரண்டு கால்களையும் பார்த்தார்.

"உதவி வேணுமாம்மா?"

"வேணாம்ணா. கொஞ்சம் அகலமாப் போச்சு, அவ்வளவுதான்," என்றாள் பிரேக்கம்மா.