எப்போது பிடி விட்டது?

கண்டிக்குப் போகும் வழியில், வத்தேகம பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, ஆண்களை இறக்கி வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றபோதுதான் முதன்முதலாக என்னால் சிறுநீரை அடக்க முடியாமல் போனது. காற்சட்டை நனைந்தது. பயத்தில் என்று ஆமிக்காரன் நினைத்துக்கொண்டான். நானும் அப்படியே நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது. யாழ்ப்பாணத்தான், வத்தேகமவில் கந்தோர் (அலுவலக) வேலை. "டொக்டரிட்டக் காட்டுங்கோப்பா" என்றாள் மனைவி மங்களம். "பொறு, பாப்பம்" என்றேன். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடியும் அந்த வரிசை. இடுப்பு நோகத் தொடங்கியது. ஒன்றரை வருடம் போய்விட்டது.

சிறுநீரில் இரத்தம் கண்ட பிறகே போனேன். புரோஸ்டேட் சுரப்பியில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருப்பது) புற்றுநோய். பயொப்சி (ஊசியால் தசைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பது) முடிவோடு வைத்தியர் எங்களைக் கூப்பிட்டார். கண்டி முஸ்லிம், தமிழிலேயே பேசினார். கட்டமைப்புப் புரதம் ஒன்றைப் பற்றி (உயிரணுக்களின் உருவத்தையும் பிணைப்பையும் காப்பது) அவர் சொன்னார்.

"செல்லுகள் ஒண்ட ஒண்டு புடிச்சிக்கிட்டு இருக்கிறது அதாலதான். ஒங்கட துணுக்குல அது நல்லாக் கொறஞ்சிருக்கு. புடி உட்ட செல்லுகள் இரத்தத்தோட போய் இடுப்பெலும்புல தங்கிட்டு."

"எப்ப விட்டிருக்கும், டொக்டர்?"

"அத யாராலயும் சொல்ல ஏலாது."

மங்களம் என்னைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விதைகளை அகற்றினார்கள் (நோயை வளர்க்கும் ஆண் ஹோர்மோனை நிறுத்துவதற்காக). நோவு தணிந்தது. ஆனால் மார்பு பெருத்தது; திடீரென்று உடம்பு வெந்து வியர்த்தது. மேற்சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு குளித்தேன். ஒருநாள் மங்களம் கதவைத் தட்டித் திறக்கவைத்து உள்ளே வந்தாள். "என்னட்டையுமே மறைக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு முதுகைத் தேய்த்தாள். இருவரும் அழுதோம்.

இதே நோயோடு இதை வாசிப்பவருக்கு: வெட்கத்துக்கும் தெருச் சோதனைக்கும் பயந்து நாளைக் கடத்தாதீர்கள். நான் கடத்திய நாட்களில் எந்த நாள் என்னைக் கைவிட்டது என்று தெரியாது. தெரியாமலே இருக்க வேண்டியிருப்பதுதான் பாரம்.

அந்தச் சிகிச்சை இனி முன்போல வேலை செய்யாது என்று, போன தவணை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சொன்னார்கள். கதிரையிலிருந்து எழும்புவதற்கு முன் எலும்புகளைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மாதம் என்பது இப்போது எனக்கு நீண்ட காலம்.

கனடாவில் இருக்கும் மகனை, "சண்டை முடியட்டும், பிறகு வா" என்று ஏழு வருடமாகத் தடுத்து வந்தேன். சண்டை முடியவில்லை. நேற்று தொலைபேசியில், "சித்திரைக்கு வரட்டே அப்பா?" என்று கேட்டான்.

மாதங்களை எண்ணிப் பார்த்தேன்.

"இல்லையப்பு. இப்பவே வா."