காலி வண்டிக்கு வராத கோளாறு

போன மாதம் ஒரு காலை. ஒரு காலில் ஷூ மாட்டிக்கொண்டு இன்னொரு ஷூவைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சித்தி மகள் ரூபா.

"அக்கா, வண்டி மறுபடி நின்னுபோச்சு. ஏத்தத்துலயே நிக்கறோம்."

பின்னால் பல பெண்களின் குரல். ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி யாரையோ திட்டுகிறாள். ரூபா மட்டும் அழுகையை அடக்கிக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"சூப்பர்வைசர் போன தடவையே சொல்லிட்டாருக்கா. இன்னொரு வாட்டி லேட்டா வந்தா கேட்லயே திரும்பிப் போயிடணுமாம். ஏஜென்சில வேற ஆளு போட்டுப்பாங்களாம்."

அன்று ஒரு டெம்போக்காரர் புண்ணியம்... முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கேட் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எல்லா நாளும் கோஸ் டெம்போ வருமா?

ரூபாவின் ஊர் தளியைத் தாண்டி உள்ளே இருக்கிறது. பஸ் வரும், ஆனால் ஷிப்டு நேரம் பஸ்ஸுக்குத் தெரியாது. அதனால் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் பெண்கள் எட்டு பேர் சேர்ந்து ஒரு பழைய பெட்ரோல் வேனைப் பேசி வைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர் முனிராஜ். வண்டியும் அவருடையதுதான். வீட்டு வாசலில் ஏற்றி, கம்பெனி கேட்டில் இறக்கி, சாயங்காலம் திரும்ப வாசலிலேயே விடுவார். "வாசலுக்கு வண்டி வரும்" என்ற ஒரே காரணத்தால்தான் சித்தப்பா ரூபாவை வேலைக்கு அனுப்பினார். இப்போது அந்த வண்டி நடுரோட்டில் நிற்கிறது.

"இந்த வாரம் பாக்கறேன். சரியாவலைன்னா நீ வூட்லயே இரு" என்று சொல்லிவிட்டாராம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்ததும், முதலில் காலேஜுக்குப் போனதும் நான்தான். (வாராவாரம் இதைச் சொல்கிறேன், தெரியும். இன்னும் கொஞ்ச நாள் சொல்வேன்.) இரண்டாவது ஆள் ரூபா. ப்ளஸ் டூ முடித்து, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். சம்பளத்தில் பாதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மீதியில் தபால் வழியில் டிகிரி படிக்கிறாள். வீட்டில் உட்காரு என்றால் வேலையோடு அந்த டிகிரியும் உட்கார்ந்துவிடும்.

எனக்கோ வேலையே வண்டிகளைச் சோதிப்பதுதான். ஒரு கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் நாளெல்லாம் இன்ஜின்களுக்குக் காய்ச்சல் பார்க்கிறேன். சொந்தத் தங்கச்சி ஏறும் வண்டிக்குப் பார்க்க மாட்டேனா?

மறுநாள் சாயங்காலம், பெண்களின் ஷிப்டு முடிவதற்கு முன்பாக, முனிராஜ் அண்ணனை ஓசூரில் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார். ரோஜாப்பூ ஒன்றைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து, வண்டியைப் பளபளவென்று துடைத்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன் நிறுத்துவது போல நிறுத்தினார்.

"பிளக்கு மாத்தியாச்சு மேடம். காயில் மாத்தியாச்சு. ஒயரும் மாத்தியாச்சு. மெக்கானிக்கும் பாவம், இன்னும் என்னா மாத்தறதுன்னு என்னையே கேக்கறாரு."

"நிக்கறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்ணா?"

"ஏத்தத்துல இழுவை குறையும். அப்பறம் பட் பட்டுனு மிஸ் அடிக்கும். குலுங்கும். நின்னுடும். கொஞ்ச நேரம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிடும்."

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். நாலு சிலிண்டரிலும் மாறி மாறி மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் போனது, பதிவாகியிருந்தது. இது ஒரு முக்கியமான தடயம். ஒரு சிலிண்டரில் மட்டும் என்றால் அதன் பிளக்கையோ காயிலையோ சந்தேகப்படலாம். வீட்டில் ஒருத்தருக்கு வயிறு சரியில்லை என்றால் அவரை விசாரிக்கிறோம். நாலு பேருக்கும் சரியில்லை என்றால்? சாம்பாரைத்தானே பார்க்க வேண்டும்.

இன்ஜினுக்குச் சாம்பார், பெட்ரோல். அது சரியான அழுத்தத்தில் வந்து சேர வேண்டும்.

அழுத்தம் பார்க்கும் மீட்டரை பெட்ரோல் லைனில் மாட்டினேன். நின்ற இடத்தில் ஓடவிட்டேன். முள் அசையவில்லை. ரிங் ரோடு வரை ஒரு சுற்றுப் போய் வந்தோம். வண்டி வெண்ணெய் போல ஓடியது. டாக்டர் ரூமுக்குள் நுழைந்ததும் காய்ச்சல் இறங்கிவிடுமே... அதே கதை.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் முனிராஜ். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஊர்ல ஒரு பேச்சு இருக்குது... சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க."

"காலி வண்டியா போனா எவ்ளோ தூரம் வேணா ஓடுது. பொண்ணுங்க ஏறுனாத்தான் நிக்குது. மெக்கானிக்கிட்டப் போனா ஓடுது, சந்தைக்குப் போனா ஓடுது. அதனால டீக்கடையில... பொண்ணுங்க ராசின்னு பேசிக்கறாங்க. ரூபாவோட அப்பாவும் அங்கதான் உக்காந்திருக்காரு."

எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் யோசித்தால், டீக்கடைக்காரர்கள் கவனித்தது உண்மைதான். அவர்கள் பார்த்ததில் தப்பில்லை, காரணம் சொன்னதில்தான் தப்பு. ஒரு கோளாறு வெளியே தெரியும் நேரத்தில் யார் அங்கே இருக்கிறார்களோ, அவர்கள் தலையில் பழி விழுந்துவிடுகிறது. ஆபீஸிலும் அப்படித்தான், குடும்பத்திலும் அப்படித்தான். மருமகள் வந்த அன்று மிக்ஸி ரிப்பேரானால் என்ன பேசுவார்கள் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்கே போனேன். மீட்டருக்கு நீளமான குழாய் போட்டு, வண்டியின் வெளிப்பக்கமாகவே கொண்டுவந்து, முன் கண்ணாடியில் முள் உள்ளே தெரியும்படி டேப் போட்டு ஒட்டினேன். பெட்ரோல் குழாயை வண்டிக்குள் விடவே கூடாது, வீட்டில் யாரும் முயற்சி செய்யாதீர்கள். ரூபாவை முன் சீட்டில் உட்கார வைத்தேன்.

"இந்த முள்ளை மட்டும் பாரு. அசைஞ்சா சத்தமா சொல்லு."

பின்னால் ஏற மற்ற பெண்களும் வந்து நின்றார்கள். நான் வேண்டாம் என்றேன். நேராக டீக்கடைக்குப் போனேன்.

"சித்தப்பா, வண்டிக்கு வெயிட்டு வேணும். ஏழு பேரு வாங்க."

"பொண்ணுங்க இருக்காங்க இல்ல, அவங்களை ஏத்திக்கம்மா."

"அவங்க ராசி சரியில்லையாம். ராசியான ஆளுங்கதான் வேணும்."

டீ கிளாஸ்கள் கீழே இறங்கின. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு வண்டிச் சவாரி என்றால் யார் விடுவார்கள்? சித்தப்பா முதலில் எழுந்தார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் வேன் பின்பக்கம் அமுங்கியது. ரூபா கூட வேலை செய்யும் மஞ்சுளா ஓரமாக நின்று, "பாத்துப் போங்க மாமா. நீங்க ஏறுனா மாடி ஏறக்கூட வண்டி ரெடியா இருக்கும்" என்றாள்.

நானும் அவர்களோடு ஏறிக்கொண்டேன். முனிராஜ் கிளப்பினார். ஊர் எல்லை வரை முள் நிலையாக நின்றது. ஏற்றம் ஆரம்பித்தது.

"எறங்குதுக்கா" என்றாள் ரூபா. "கொஞ்சம்... இன்னும் எறங்குது... அக்கா, விழுந்துடுச்சு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பட் பட் என்று மிஸ் அடித்தது. குலுங்கியது. எட்டுப் பெண்கள் வழக்கமாக நிற்கும் அதே புளியமரத்துக்குப் பக்கத்தில் நின்றது.

 பிறகு ஏழு பேரும் இறங்கி, ஓரம் கட்டுவதற்காக வண்டியைத் தள்ளினார்கள். ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்திருந்த மஞ்சுளா இதற்காகவே காத்திருந்தாள்.

"ராசி எப்படி இருக்குதுங்க மாமா?"

 சித்தப்பா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டுக்குள் சிரித்தார் என்று ரூபா சத்தியம் செய்கிறாள்.

ஆக, நோய் தெரிந்துவிட்டது. காலி வண்டிக்குப் போதுமான பெட்ரோல், ஆளோடு ஏற்றம் ஏறும்போது போதவில்லை. டேங்குக்குள் இருக்கும் ஃபியூல் பம்ப் சோர்ந்துவிட்டது. ஆனால் முனிராஜ் அண்ணன் அதையும் போன வருஷம்தான் மாற்றினாராம். ஒரு வருஷத்தில் ஏன் சோர வேண்டும்? டாஷ்போர்டைப் பார்த்தேன். பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டில் படுத்திருந்தது.

"என்னண்ணா, பெட்ரோல் போடலையா?"

"நாளைக்கு போட்டுக்கலாம் மேடம். பொண்ணுங்கள எறக்கி விட்டுட்டு ஜூஜுவாடி தாண்டிப் போய் அந்தப் பக்கம் போடுவேன். கர்நாடகாவுல கம்மி இல்லீங்களா?"

வண்டி தள்ளிய ஏழு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். ஆமாம், அந்தப் பக்கம்தான் கம்மி.

நம் ஓசூர் வட்டாரத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பார்டர் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தப் பக்கம் பெட்ரோல் போடுகிறவனை ஏமாளி என்றே நினைப்போம். ரிசர்வில் உருட்டி உருட்டி, வேண்டிக்கொண்டே பார்டர் தாண்டி, அங்கே போய்த்தான் டேங்க் மூடியைத் திறப்போம். முனிராஜ் அண்ணனும் அப்படித்தான். பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் காலை நேரத்தில் டேங்க் எப்போதும் அடியில் கிடக்கும். அவர்களை இறக்கிவிட்டு, அன்றைய ஓட்டத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டு, அப்படியே மெக்கானிக்கிடம் போவார். பெட்ரோல் இருக்கும் டேங்க், காலி சீட்டு... வண்டி ஏன் நிற்கப்போகிறது? அன்று என்னிடம் வந்ததும் அப்படித்தான்.

பம்ப் பெட்ரோலுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. எப்போதும் அடி டேங்கில் ஓட்டினால் அது சூடாகிக்கொண்டே இருக்கும், அடியில் தங்கிய கசடையும் உறிஞ்சும். கொஞ்ச நேரம் ஆறினால் மறுபடி வேலை செய்யும். நின்ற வண்டி தானாகக் கிளம்பிய மர்மம் அதுதான்.

இதைக் கேட்டு முனிராஜ் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஒவ்வொரு முறை வண்டி நின்றபோதும் ரோட்டில் இறங்கி, போகிற வண்டிகளையெல்லாம் கை காட்டி, இந்தப் பெண்களை எப்படியாவது கேட்டுக்கு அனுப்பி வைத்தவர் அவர். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "தப்பு என்னுது சார், புள்ளைங்களை விட்டுடுங்க" என்று கெஞ்சியவரும் அவர்தான். காசைக் காப்பாற்றத்தான் நினைத்தார். ஊரே செய்வதைத்தான் செய்தார்.

"சரி, அந்தப் பக்கம் இப்ப எவ்வளவுண்ணா கம்மி?" என்று கேட்டேன்.

"கம்மிதான் மேடம். எப்பவுமே கம்மிதான்."

"இப்ப?"

யாருக்கும் தெரியவில்லை. ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே மெக்கானிக் கடையைத் திறந்தார். டேங்கை இறக்கினால், அடியில் காபி டிகாஷன் மாதிரி கசடு. பம்ப்பின் வாயில் இருக்கும் வலை, வடிகட்டி வைத்த டீத்தூள் போல அடைத்திருந்தது. டேங்கைக் கழுவி, புது பம்ப் போட்டு, இந்தப் பக்கத்து பெட்ரோல் பங்கிலேயே பாதி டேங்குக்கு மேல் நிரப்பி... இந்த முறை எட்டுப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு அதே ஏற்றத்துக்குப் போனோம். ரூபா முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முள்ளும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. புளியமரம் பின்னால் போனதும் வண்டிக்குள் எழுந்த கூச்சலில் முனிராஜ் பயந்து பிரேக்கைத் தொட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை ரூபாவிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை மெசேஜ்: "வந்துட்டோம்." ஷிப்டு ஆரம்பிக்கவே இன்னும் நேரம் இருந்தது.

அன்று மதியம் முனிராஜ் அண்ணனும் கூப்பிட்டார். "மேடம், ரெண்டு பக்கத்து பங்கு போர்டையும் பாத்துட்டு வந்தேன். கிட்டத்தட்ட ஒண்ணேதான்." குரலில் யாரோ ஏமாற்றிவிட்ட வருத்தம். எப்போதோ இருந்த வித்தியாசம் எப்போதோ போய்விட்டது. பழக்கம் மட்டும் தினமும் பார்டர் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறது. (டீசல் வண்டிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் விவகாரம் வேறு. ஆனால் டேங்க் உங்களுக்கும் டேங்க்தான்.)

இன்னொரு விஷயம். இப்போதெல்லாம் காலையில் வேன் வந்து நின்றதும் சித்தப்பா வாசலை விட்டு இறங்கி வருகிறாராம். முனிராஜ் பக்கத்து ஜன்னலில் தலையை விட்டு, பெட்ரோல் முள்ளைப் பார்க்கிறாராம். எழுத்து படிக்கத் தெரியாதவர், முள்ளைப் படித்துவிடுகிறார். பாதிக்கு மேல் இருந்தால்தான் போகலாம் என்று கையை அசைப்பார். ஒருநாள் கொஞ்சம் கீழே இருந்ததற்கு முனிராஜ் அண்ணனுக்குச் செம டோஸ்.

நேற்று போனில் கேட்டேன். "என்ன சித்தப்பா, தினமும் டூட்டியாமே?"

"பின்ன? முள்ளு எறங்குனா வண்டி நிக்கும். வண்டி நின்னா புள்ள வேலை போயிடும். யாராச்சும் பாக்க வேணாமா?"

வீட்டிலேயே இரு என்று சொன்னது யார் என்பதை நான் அவருக்கு நினைவூட்டவில்லை.