பேராதனை பஸ்ஸில் வந்த செயற்கைக் கலங்கள்

இன்று லேப்பில் செய்த லிப்பொசோம்களைச் சிறு பெட்டியில் வைத்துக்கொண்டு பேராதனையில் பஸ் ஏறினேன். நல்ல நுணுக்குக்காட்டி கண்டியில்தான் இருக்கிறது.

லிப்பொசோம் என்றால் கொழுப்புத் தோல் போர்த்திய நீர்த்துளி. மயிரிழைக் கால்வாய்களில் நீரையும் எண்ணெயையும் ஓடவிட்டுச் செய்கிறோம். உள்ளே, பச்சையாக ஒளிரும் புரதத்தைத் தயாரிக்கும் கலவை. செயற்கை உயிர்க்கலத்துக்கு முதற்படி. இதுவரை கொண்டுபோனவையெல்லாம் பஸ் குலுக்கலில் உடைந்துவிட்டன.

நிற்கத்தான் இடம் கிடைத்தது. நிற்பவர்களின் சுமையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கப்படி ஓர் அக்கா கை நீட்டினார். "குடுங்க, நான் வச்சிக்கிறேன். ஹேவாஹெட்டைக்குத்தான் போறேன், கண்டியில எறங்கி வேற பஸ் எடுக்கணும்."

"குலுங்கக் கூடாதுங்க அக்கா."

"உள்ளுக்கு உசிரு ஏதும் இருக்கா?"

"இல்ல. ஆனா உசிரு செய்யிற வேலையில ஒன்ன அதுங்களும் செய்யும்."

அக்கா பெட்டியை மடியிலிருந்து தூக்கி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் ஆடினார், பெட்டி ஆடவில்லை. கண்டிவரை இறக்கவேயில்லை.

சற்றுமுன் பார்த்தேன். இருட்டுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள், ஒவ்வொன்றும் தானே செய்த புரதத்தால் பச்சையாக ஒளிர்கின்றன.

இனி ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதி எழுதவேண்டும். அந்தக் கைகளை எந்தக் கருவி என்று எழுதுவது? பெயர்கூடக் கேட்கவில்லை. ஹேவாஹெட்டை பஸ்ஸில் போகிறவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.