அப்பா படத்துக்கு ஒரு சட்டம்

அப்பா இறந்த பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் பீரோவுக்குள் இருந்தார். அதற்குக் காரணம் நான்தான்.

கல்லாவியில் அம்மா வீட்டில் மாட்டுவதற்காக அவர் படத்தைப் பெரிதாக்கி, கடையில் சட்டம் போட்டு வாங்கி வந்திருந்தார்கள். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இறுதிப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவள். தலைமுடி அளவு வித்தியாசத்துக்கும் சிவப்புச் சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தச் சட்டத்தின் நான்காவது மூலையில் இடைவெளி இருந்தது. கைப்பையிலிருந்த, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்து, அதன் மெல்லிய தகட்டை இடைவெளிக்குள் விட்டுக் காட்டினேன், துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னாலேயே. "இதுக்கு நானே செஞ்சு தரேன்" என்று சட்டத்தைக் கழற்றிக் கடைக்குத் திருப்பி அனுப்பினேன். எனக்கு மரவேலை தெரியாது என்பது ஓசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

சட்டமில்லாத படத்தை அம்மா புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள். வாரம் தவறாமல் போன் வரும்.

"உங்கப்பன எப்பதான் வெளிய உடுவ? உள்ள மூச்சு முட்டப் போவுது அந்த மனுசனுக்கு."

வருஷ திதிக்குள் முடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன்.

வீடியோக்களைப் பார்த்ததில், முதலில் பெஞ்ச் ஹுக் என்று ஒன்று வேண்டும் என்று தெரிந்தது. பெரிய வித்தையில்லை. ஒரு பலகை, அடியில் முன்விளிம்பில் ஒரு கட்டை, மேலே பின்விளிம்பில் ஒரு கட்டை. அடிக்கட்டை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்; அறுக்கிற மரத்தை மேல்கட்டையில் சாய்த்து அழுத்திக்கொள்ளலாம். ஓசூர்ப் பக்கம் மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டில் மேஜை என்றால் சமையல் மேடைதான். ஒரு ஞாயிறு முழுவதும் மெனக்கெட்டுச் செய்து மாட்டினேன். கிரானைட்டில் அசையாமல் நின்றது. மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தால், என் கணவர் அதன்மேல் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன நாளா பலகை வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. இப்பதான் உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்க."

மனதாரச் சொன்னார் என்பதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. சண்டை போட்டேன். சப்பாத்தி அன்றைக்கு வட்டமாக வந்திருந்ததால் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டேன். எனக்கு இன்னொரு பெஞ்ச் ஹுக் செய்துகொண்டேன்.

அடுத்தது ஷூட்டிங் போர்டு. இழைப்புளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பலகையின் ஓரத்தில் ஓடவிட்டு, மரத்தின் நுனியைச் சரியான கோணத்தில் சீவுவதற்கான சாதனம். படச்சட்டத்துக்கு நாற்பத்தைந்து டிகிரி வேண்டும். மரத்தை அணைத்துப் பிடிக்கும் கட்டையை அந்தக் கோணத்தில் வைத்துத் திருகாணி போட்டு முடுக்கினேன். நான்கு துண்டு, எட்டு நுனி. ஒவ்வொரு நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத பிழை. மூன்று மூலைகள் சமர்த்தாக ஒட்டிக்கொண்டன. எட்டுப் பிழைகளும் ஒன்றுகூடி நான்காவது மூலையை 'ஆ' என்று திறந்துவிட்டன. கடைச் சட்டத்தில் நான் ஊருக்கே காட்டிய அதே இடைவெளி. அந்தக் கடைக்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். நேரில் கேட்கவில்லை.

கட்டையை நகர்த்தும்படி செய்தால்தான் கோணத்தைத் திருத்த முடியும். ஒரு முனையில் அச்சாக ஒரு போல்ட். மறுமுனையில் நீளத் துளை, அதில் இன்னொரு போல்ட், மேலே கையாலேயே முடுக்கிக்கொள்ள விங் நட். ஹார்டுவேர் கடையில் நான் தமிழில் கேட்க, கடைக்காரர் கன்னடத்தில் எதற்கு என்று விசாரித்தார். "அப்பாவுக்கு" என்றேன். அவர் போல்ட்டையும் நட்டையும் எடுத்துப் பொட்டலம் கட்டினார்.

காலண்டர் தாளின் கனம் அளவுக்குக் கட்டையை நகர்த்துவேன். எட்டு நுனியையும் சீவுவேன். சேர்த்துப் பார்ப்பேன். ரிஜெக்ட். மறுபடி நகர்த்துவேன். இப்படிச் சீவிச் சீவிச் சட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் கணவர் டேப்பால் அளந்து, படத்தின் அளவை நான் குறித்துவைத்திருந்த சீட்டையும் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு தடவ சீவுனா மாமாவுக்குத் தோள வெட்டணும்."

புது மரம் வாங்கினேன். திதிக்கு முந்தின ஞாயிறு நான்கு மூலைகளும் மூடிக்கொண்டன. கேஜில் இருப்பதிலேயே மெல்லிய தகடும் உள்ளே போகவில்லை. சமையலறையில் நின்று கத்தினேன். கணவர் மாவுக் கையோடு ஓடிவந்து கைகொடுத்தார்.

திதியன்று கல்லாவியில் படத்தைச் சட்டத்துக்குள் வைத்து மாட்டி, மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழ் நட்டநடுவில் நின்றது. அப்பா மட்டும் சாய்ந்திருந்தார். அது சட்டத்தின் பிழையல்ல. அவருக்கு இடது காது கேட்காது. யார் பேசினாலும் வலது காதைக் கொடுத்துத் தலையைச் சாய்ப்பார். போட்டோக்காரர் ஏதோ சொல்ல, அதை அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த படம் அது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சட்டம் கோணலாக இருந்தது. நேராக்கினேன். இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு வந்தேன், மறுபடியும் கோணல். முதலில் ஆணியைச் சந்தேகப்பட்டேன், பிறகு சுவரை, பிறகு வழக்கம்போல் கணவரை. அவர் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார். யாராவது அப்பாவை நேராக்கப் பார்த்திருந்தால் எதிர்ப்பக்கம் அல்லவா சாய்த்திருக்க வேண்டும்? இதுவோ அவர் சாய்ந்த பக்கமே இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. இத்தனை வருட இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் இப்படி ஒரு பிழையை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது தடவை ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அம்மா ஸ்டூல்மேல் ஏறி நின்று சட்டத்தின் ஒரு பக்கத்தைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு வருசமா உசுரக் குடுத்து நேரா செஞ்சிருக்கேன்!"

"நேராத்தான் செஞ்ச, யாரு இல்லன்னா? அவருக்கு இந்தக் காதுதான கேக்கும்." சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். "நான் அங்கேருந்து பேசறது பின்ன எப்பிடிக் கேக்கும் அவருக்கு?"

அவள் இறங்குவதற்குக் கைகொடுத்தேன். இறங்கியவள் நேராகச் சமையலறைக்குப் போய், வந்தவர்களில் யார் யார் சாப்பிடாமல் போனார்கள் என்று அப்பாவிடம் உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள்.

ரசமட்டத்தைப் பைக்குள் போட்டேன். சட்டம் நழுவி நேராகிவிடாமல் இருக்க, தூக்கலாக நின்ற பக்கத்தின் அடியில் இன்னொரு ஆணியை நானே அடித்தேன்.