அம்மாவின் உருண்டை எழுத்து

போன வாரம், நாங்கள் முன்பு குடியிருந்த வோபர்ன் பக்கம் போனபோது, புதிதாகத் திறந்த ஒரு சாப்பாட்டுக் கடையின் கண்ணாடியில் ‘சூடான ரோல்ஸ்’ என்று எழுதியிருந்தார்கள். வாங்கப் போனவன் எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கூர்முனை ஒன்றும் இல்லாத, மை கொஞ்சம் ஊறிப் பரவினாற்போலக் கொழுத்த உருண்டை எழுத்து. யாரோ தூரிகையைத் தோய்த்து ஆறுதலாக எழுதி, பிறகு கணினிக்குள் ஏற்றியிருக்க வேண்டும். பிறந்தநாள் பதாகைகளில், குழந்தைகள் காப்பகக் கதவுகளில் நீங்களும் கண்டிருப்பீர்கள். அதன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு அதைக் கண்டால் பென்சில் சீவிய வாசம் வரும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புத் தாள்கள் முழுவதும் அந்த எழுத்துத்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவின் பள்ளிக்கூட வயது ஊரில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்வதிலேயே கழிந்துவிட்டது. நான் வீட்டுப்பாடம் எழுத, வெங்காயம் உரித்தபடி எட்டிப் பார்த்தே அவர் எழுத்துக் கற்றுக்கொண்டார். என்னைவிட வேகமாக என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று மூன்று வாரம் எண்ணியவன் நான்.

ஆனால் பத்திரிகையை நீட்டினால் தள்ளிவிடுவார்.

“உது என்ன, கம்பி வளைச்ச மாதிரி. என்ர எழுத்தில தா.”

அதனால் பள்ளிக் கடிதமோ டொக்டரின் கடிதமோ, எது வந்தாலும் தமிழாக்கி உருண்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. அம்மா விரலை ஊன்றி வாசிப்பார். பாதியில் களைத்து, “மிச்சத்தை நீ வாசி” என்பார்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தின் உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தது. கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், நான்கு மாதத்தில் வெளியேற வேண்டும். வாயால் சொல்லத் துணிவில்லை. பெரிய படிப்பாளி அல்லவா, தட்டச்சு செய்யப் போய்விட்டேன். அச்சில் வந்ததை எடுத்துப் பார்த்தேன். ‘வெளியேறவும்’ என்ற சொல், பிறந்தநாளுக்கு அழைப்பதுபோலக் கன்னம் உப்பிச் சிரித்துக்கொண்டிருந்தது. வேறு எழுத்துக்கு மாற்றினேன். கடிதத்துக்குரிய மரியாதை வந்தது, ஆனால் அம்மாவுக்கு வாசிக்க வராது. திரும்ப மாற்றினேன்.

அம்மா தாளைச் சமையலறை மேசையில் விரித்து விரலை ஊன்றினார். அன்றைக்கு அவர் களைக்கவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“தம்பி, முழுக்க வாசிச்சுப்போட்டன்! ஒரு இடத்திலயும் நிக்கேல்லை, பாத்தனியே?”

“ஓம் அம்மா, பாத்தனான்.”

அவர் மறுபடி முதல் வரிக்குப் போனார், இம்முறை விரல் இல்லாமல்.

“எங்களையோ எழும்பச் சொல்லுறாங்கள்?”

“ஓம்.”

“நீ படிச்சனி. ஏலாது எண்டு ஒரு காயிதம் எழுதன்.”

எழுதினேன், மூன்று. திகதி மாறாது என்று ஒரே ஒரு பதில் வந்தது. என் படிப்பால் ஆனது அவ்வளவுதான்.

அந்தக் கட்டடம் நின்ற இடத்தில் இப்போது கண்ணாடிக் கோபுரம். நாங்கள் நகரின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில், ஒரு வீட்டின் நிலத்தடி பேஸ்மென்டில் இருக்கிறோம். கடிதங்கள் இன்னும் வருகின்றன. பழையபடி அச்சடித்து மேசையில் வைத்துப் பார்த்தேன். அம்மா மடித்து என் கையிலேயே தந்துவிடுகிறார்.

“கண் தெரியேல்லை தம்பி. நீயே சொல்லு.”

புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஊசியில் ஒரே தடவையில் நூல் கோர்க்கிறார். தாளைத் தந்தால் மட்டும் கண் தெரிவதில்லை.