நகர்ந்த மேஜையும் அறுபத்து மூன்று தேள்களும்

1. கடுக்கன்

தங்கச் சுரங்கத்தில் ஆள் கணக்கு எழுதும் டைம் ஆபீஸில் நான் ரைட்டராகச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை, காலை ஏழரை மணிக்கு. வெள்ளைக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, காதில் சிவப்புக்கல் கடுக்கன். என் கையெழுத்து எப்படி என்று ஒருவரும் பார்க்கவில்லை. தலைமை ரைட்டர் என் காதைத்தான் பார்த்தார்.

"இன்னாப்பா இது, கல்யாணத்துக்கு வந்தியா? கழட்டு, கழட்டு. கேப்டன் துரைக்குக் காதுல மினுக்கறது ஆகாது."

கேப்டன் என்றால் கப்பல் ஓட்டுபவர் அல்ல. சுரங்க வேலையை நடத்தும் துரையை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். எங்கள் கேப்டன் சிறு வயதில் நிஜமாகவே கப்பலில் வேலை பார்த்தவர்.

நான் கடுக்கனைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். ஏழு நாற்பதுக்கு இது நடந்தது. பத்து மணிக்குக் கேப்டன் வந்தார். அவருக்குப் பின்னால் வந்த எஞ்சின் டிரைவர் துரையின் இடது காதில் ஒரு தங்க வளையம் தொங்கியது. தலைமை ரைட்டரைப் பார்த்தேன்.

"அது கண்பார்வைக்காகப் போட்டிருக்கார்" என்றார் மெதுவாக.

நம் கடுக்கன் ஆடம்பரம், அவர் வளையம் வைத்தியம். அன்று நாட்குறிப்பில் எழுதிய முதல் வரி இது.

2. பதிவேடு

மாரிக்குப்பம் வரை ரயில் வந்த மறு வருஷம் ஆட்கள் மிகுதியாக வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் வட ஆற்காட்டுக்காரர்கள். குடியாத்தம், ஆம்பூர், போளூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து மேஸ்திரிகள் கூட்டிவருவார்கள். ஒரே ஷிப்டில் பதினோரு முனுசாமிகள் இருந்தார்கள். வேலையிலிருந்து நீக்கிய முனுசாமி, அடுத்த வாரம் கோவிந்தசாமியாக வந்து கையை நீட்டுவான். எனக்கு அது தீராத தலைவலி.

நான் ஒரு யோசனை சொன்னேன். பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், தோலை மாற்ற முடியாது. இந்த ஜனங்கள் உடம்பில் பச்சை குத்திக்கொள்கிறவர்கள். அதை அங்க அடையாளமாக எழுதிவைத்தால் ஆளை எப்போதும் பிடித்துவிடலாம். கேப்டனுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.

"நல்லது, ரைட்டர். ஆனா எனக்கு ஒண்ணு புரியலே. மனுஷன் எதுக்குக் கைல பூச்சி வரையறான்? காட்டு ஜனம் பழக்கம்" என்றார்.

இதைச் சொல்லும்போது வெயிலுக்காகச் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். முன்கையில் ஒரு நீல நங்கூரம், அதைச் சுற்றி ஒரு கயிறு, கீழே ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெயர் துரைசானி அம்மாளுடையது அல்ல என்பது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். நான் "ஆமாம் சார்" என்றேன்.

நேர்மையாகச் சொன்னால், அந்த "ஆமாம்" முழுவதும் மரியாதைக்காக வந்ததல்ல. பச்சை குத்திய கையை நானும் ஒரு படி கீழாகத்தான் நினைத்திருந்தேன்.

பதிவேட்டில் ஏழு கட்டங்கள் போட்டேன். ஏழாவது, அங்க அடையாளம். என்ன உருவம், எந்தக் கை, எத்தனை அங்குலம், வால் இருந்தால் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதுவரை எழுதினேன். இவ்வளவு நுட்பமான பதிவேடு வேறு எந்தச் சுரங்கத்திலும் கிடையாது என்று கேப்டன் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் நாளும் மணியும் குறித்துவைத்திருக்கிறேன்.

3. தேள்

பதிவேடு தொடங்கிய அன்று குப்பன் மேஸ்திரி பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்தான். எல்லோரும் ஒரே ஊர். ஒன்பது பேருக்கு வலது முன்கையின் உட்புறம் தேள். அன்று ஆள் பஞ்சம், பன்னிரண்டு பேரையும் எடுத்துக்கொண்டோம். இரண்டு நாள் கழித்து வேறு ஊரிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். ஒருவருக்கும் பச்சை இல்லை. அவர்களைத் திருப்பி அனுப்பினோம். காரணம், அன்று இடம் காலி இல்லை. வேறொன்றும் இல்லை.

அதன் பிறகு வந்த ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தேள் இருந்தது. சிலருடைய கை வீங்கி, மஞ்சள் பூசி, தொட்டால் முகம் சுளிக்கும் நிலையில் இருந்தது. 'தேள், வலது முன்கை, மூன்று அங்குலம், புதியது' என்று நான் நிதானமாக எழுதிக்கொண்டே போனேன். வட ஆற்காட்டில் தேள்மீது இவ்வளவு பக்தியா என்றுதான் எனக்குத் தோன்றியது. ஏன் என்று ஒருவனையும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு கட்டம் என் பதிவேட்டில் இல்லை.

கடைசியில் கோவில்பிள்ளைதான் எனக்குச் சொன்னார். கூலிகள் குடியிருக்கும் லைனில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஜெபம் நடத்துகிற உபதேசியார் அவர். ஒருநாள் கோபமாக வந்து என் மேஜையைத் தட்டினார்.

"இன்னா ரைட்டரே, எங்க சபைப் பையன் ஒருத்தன் கைல தேள் குத்திகினு வந்து நிக்கறான். ஞானஸ்நானம் வாங்கின கை அது! அப்படி ஆசைன்னா ஒரு சிலுவை குத்திக்கக் கூடாதாடான்னு கேட்டேன். அவன் இன்னா சொல்றான் தெரியுமா?"

"என்ன சொன்னான்?"

"சிலுவைக்கு டைம் ஆபீஸ்ல வேலை குடுக்கறதில்ல, தேளுக்குத்தான் குடுக்கறாங்கன்றான்!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூன்று தேள்கள். இருந்தாலும் எனக்குக் கவலை வரவில்லை. வால் இடமா வலமா என்றுதான் எழுதிவைத்திருக்கிறோமே என்று இருந்துவிட்டேன்.

4. ஏழுமலை

ஒரு பகல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் கேஜ் கூண்டில் ஏறி மேலே வந்தபோது, ஷாப்ட் குழி வாயிலில் சோதனை போடும் வாச்மேன் பாஷா ஒருவனைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தார். அவன் மடியிலிருந்து தங்கம் மின்னும் கல் ஒன்று விழுந்தது. பிடித்த கையை உதறிவிட்டு அவன் கூட்டத்தில் கலந்துவிட்டான். எல்லார் முகத்திலும் ஒரே புழுதி. பாஷா முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

"தேள் சாப்! நல்லாப் பாத்தேன். வால் வலது பக்கம் போவுது. சத்தியமா" என்றார்.

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "ரைட்டர், உன் புக் எடு."

எடுத்தேன். அந்த ஷிப்டில், அந்த லெவலில் இறங்கியவர்களில் பதினேழு தேள்கள். பதினாறு தேள்களுக்கு 'வால் இடம்'. ஒன்றே ஒன்றுக்கு 'வால் வலம்'. ஏழுமலை, தகப்பன் பெயர் பெருமாள், பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்து ஊர், வரிசை எண் இருநூற்றுப் பதினேழு. என் பதிவேடு ஒரு நிமிஷத்தில் திருடனைக் காட்டிவிட்டது. கேப்டன் என் தோளில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

ஏழுமலையைக் கொண்டுவந்து டைம் ஆபீஸ் தரையில் உட்கார வைத்தார்கள். அப்போதே அவன் பெயரைச் சிவப்பு மையில் அடிக்கச் சொன்னார் கேப்டன். அடித்தேன். மறுநாள் காலை போலீசார் வந்து கொண்டுபோவார்கள். தங்கக்கல் திருட்டுக்கு ஜெயில் நிச்சயம். லைனில் அவன் குடிசையையும் காலி செய்ய வேண்டும். அவன் மனைவி மூன்று மாதக் குழந்தையோடு வாசலில் நின்றாள்.

அவன் அழவில்லை. "சாமி, எங்க கேங்குல எல்லாருக்கும் ஒரே தேளுதான். ஒரே பொம்பளதான் குத்துச்சு. என்னுது மட்டும் எப்டி சாமி திரும்பிக்கும்?" என்றான்.

"புத்தகத்தில் இருக்கிறது" என்றேன்.

"புக்குல இருக்கறது எனக்கு இன்னா தெரியும்? கைல இருக்கறதப் பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவன் வாயை அடைப்பதற்காகத்தான் பச்சை குத்தும் அந்தப் பெண்ணிடம் நான் போனேன். நியாயம் தேடிப் போனதாக எழுதினால் அது பொய்.

5. நாகம்மா

பக்கத்திலுள்ள கோரமண்டல் குடியிருப்புக்குப் போகும் பாதையில், புளியமரத்தடியில் நாகம்மா உட்கார்ந்திருப்பாள். தெலுங்குக்காரி. ஊசிக்கட்டு, ஒரு கொட்டாங்கச்சியில் மை, வேறு சாமான் கிடையாது. அவள் முன்னால் ஒரு பையன் பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கொடுத்திருந்தான்.

"ரா சாமி, மீக்கு கூட தேலா?" என்று சிரித்தாள்.

"எனக்கு வேண்டாம். ஒன்று கேட்க வந்தேன். தேளுக்கு வாலை எந்தப் பக்கம் வளைக்கிறாய்?"

"வெளிப் பக்கம்."

"எல்லோருக்குமா? ஒருவனுக்கு இப்படி, ஒருவனுக்கு அப்படி என்று..."

என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஏம் சாமி, வாலு உடம்பப் பாத்து வளஞ்சா அவனையே கொட்டும். அப்டி எவனாச்சும் குத்திப்பானா? எவளாச்சும் குத்துவாளா? வெளிய பாத்து வளஞ்சாதான் எதிராளியக் கொட்டும். எங்கம்மா அப்டிதான் சொல்லிக் குடுத்தா. எனக்கு ஒக்க தேலுதான், ஒரே தேளுதான் தெரியும்."

அந்தப் பையன் கையை நீட்டியபடி இருந்தான். நான் அவன் எதிரே நின்று பார்த்தேன். வால் இடப்பக்கம். சுற்றிவந்து அவன் பின்னால் நின்று பார்த்தேன். வால் வலப்பக்கம்.

வெயிலில் அப்படியே நின்றேன். மே மாதம்வரை என் மேஜை கதவைப் பார்த்து இருந்தது. ஆட்கள் எனக்கு எதிரே நின்று கையை நீட்டுவார்கள். மழை தொடங்கியதும் தகரக்கூரை ஒழுகி, பதிவேட்டில் தண்ணீர் சொட்டியது. மேஜையைச் சுவரை ஒட்டி நகர்த்தச் சொன்னேன். அதன் பிறகு ஆட்கள் என் பக்கத்தில், நான் பார்க்கும் திசையையே பார்த்து நின்றார்கள். அந்த கேங்கில் பதினாறு பேர் மழைக்கு முன் வந்தவர்கள். ஏழுமலை மழைக்குப் பின் வந்தவன். பின்னாலிருந்து பார்த்த பாஷாவுக்குப் பதினேழு தேள்களில் எதுவானாலும் வால் வலம்தான். ஏழு மாதமாக அவ்வளவு நுட்பமாக நான் எழுதிவந்தது தேளின் வாலை அல்ல, என் மேஜை இருந்த இடத்தை.

6. நங்கூரம்

திரும்பி நடந்த இருபது நிமிஷத்தில் நான் என்ன யோசித்தேன் என்று நாட்குறிப்பில் இருக்கிறது. மேஜை நகர்ந்ததால்தான் வால் திரும்பியது என்று எனக்கு மட்டுமே தெரியும். தலைமை ரைட்டர் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். அவர் நாற்காலிக்குக் கேப்டன் சொல்லிவந்த ஒரே பெயர் என்னுடையது, ஒரே காரணம் அந்தப் பதிவேடு. வாயை மூடிக்கொண்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஏழுமலை ஜெயிலுக்குப் போவான்.

நேரே கேப்டன் அறைக்குப் போய், ஏழுமலை விஷயத்தில் பதிவேட்டை நம்பக் கூடாது என்றேன்.

"புக் தப்பா?" என்றார்.

"எழுத்து தப்பில்லை சார். மேஜை நகர்ந்துவிட்டது."

அவருக்குப் புரியவில்லை. இரண்டு முறை விளக்கினேன். முகம் சிவந்தது. வேறு வழி தெரியாமல், "கோபிக்கக் கூடாது, தங்கள் கையை மேஜைமேல் வைக்க வேண்டும்" என்றேன். என்ன நினைத்தாரோ, வைத்தார். எதிரே நின்றேன்.

"நங்கூரத்துக் கயிறு எந்தப் பக்கம் முடிகிறது சார்?"

"வலது."

"எனக்கு இடது பக்கம்."

கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடி கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சட்டைக் கையை இறக்கிப் பித்தானைப் போட்டார்.

"இது கப்பல்காரன் மார்க். அது கூலி மார்க். ரெண்டும் ஒண்ணு இல்லே, ரைட்டர்."

"ஒன்றில்லை சார். இரண்டும் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்."

பித்தானை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு, "அவனை விடு. கீழே ஆள் பத்தலே" என்றார். நியாயத்துக்காக விட்டாரா, ஆள் பற்றாமல் விட்டாரா என்று நான் கேட்கவில்லை. கல்லை எடுத்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது.

நான்கு மாதம் கழித்துத் தலைமை ரைட்டர் நாற்காலிக்கு பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார்.

7. வரிசை எண் இருநூற்றுப் பதினேழு

மறுநாள் காலை கேப்டன் ஒரு புது உத்தரவு போட்டார். பச்சை குத்தியவர்களால்தான் இத்தனை குழப்பம், ஆகவே இனிப் பச்சை குத்திய எவனையும் புதிதாகச் சேர்க்கக் கூடாது. குப்பன் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டான். "நல்லா கீது சாமி நாயம்! ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் காசு குடுத்துக் குத்தவெச்சுக் கூட்டியாந்தேன். இப்போ எங்க போய் அழிக்கச் சொல்றது?"

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஏழுமலை நின்றான். கையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தான். அவன் பெயரை முந்தின நாளே அடித்தாகிவிட்டது. அடித்த பெயரைத் திரும்பச் சேர்த்தால் அது புதுச் சேர்க்கை. புதுச் சேர்க்கையில் பச்சை இருக்கக் கூடாது.

"இன்னா எழுதப் போறீங்க சாமி?" என்றான்.

பேனாவை மையில் தொட்டேன். 'தேள்' என்று எழுதினால் அவனுக்கு வேலை இல்லை. 'அடையாளம் இல்லை' என்று எழுதினால் அது பொய், என் கையால் எழுத வராது. பழைய வரிசை எண்ணையே போட்டு, பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, மேஸ்திரி, ஷிப்ட், ஆறு கட்டங்களையும் நிரப்பினேன். ஏழாவதைத் தொடவில்லை. கேப்டன் வந்து பக்கத்தைப் பார்த்தார். அந்தக் காலிக் கட்டத்தில் அவர் கண் நின்றதை நான் பார்த்தேன். அடியில் கையெழுத்துப் போட்டார்.

புதிதாக ரைட்டராகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு மனிதன் உடம்பில் இருப்பதை எழுதும் முன், நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பழைய பதிவேடு இரண்டாவது அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கும். ரைட்டர் மறந்துவிட்டார் என்று நினைத்து, தயவுசெய்து நிரப்பிவிடாதீர்கள்.